பூட்டிய வீட்டு நாற்காலி

சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் சிதம்பரம் வீட்டை ஒருமுறை செல்போனில் திறந்து பார்த்துவிடுவது கயல்விழியின் வழக்கம். அன்றும் பார்த்தாள். பூட்டிக் கிடந்த வீட்டில், அம்மாவின் நாற்காலியில், அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மா விருத்தாம்பாள் போன வைகாசியில் இறந்துபோனவள்.

கயல்விழி டப்பாவை மூடினாள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேஜையில் அவளோடு வேலை பார்க்கும் ஸ்ரீமதி, “என்னக்கா, ரசம் ஊத்திக்கிச்சா?” என்றாள். கயல்விழிக்குக் காதில் விழவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள்.

ஹாலில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் படம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. காமிரா சமையலறை வளைவுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒயர் பின்னிய நாற்காலியின் முதுகும், அதில் உட்கார்ந்திருப்பவரின் தலையும்தான் தெரியும். காதில் காற்று பட்டால் ஆகாது என்று அம்மா எப்போதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் டிவி பார்ப்பாள். இப்போதும் தலையில் முந்தானை இருந்தது.

எழுந்து மாடிப்படிக்குப் போய்க் கணவனை அழைத்தாள். செம்பியன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஷிப்டில் இருந்தான். பின்னால் இரைச்சல்.

“அம்மா வூட்ல யாரோ ஒக்காந்துருக்காங்க.”

“பூட்டுன வூட்ல யாருடி? திருடனா இருக்கும்.”

“திருடன் முக்காடு போட்டுக்கிட்டு டிவிக்கு முன்னாடி ஒக்காருவானா?”

“டிவி ஓடுதா?”

“இல்ல. சும்மா ஒக்காந்துருக்காங்க.”

“யாருன்னே தெரியலங்கிற. அப்பறம் எதுக்கு மரியாதையெல்லாம் குடுக்குற?” என்றான் செம்பியன்.

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டான்.

“தோ பாரு. பழைய படம் ஏதாச்சும் ஓடும். மொதல்ல ஜாபிர கூப்புடு.”

ஜாபிர்தான் அந்தக் காமிராவை மாட்டியவன். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எல்லாம் அவன் வாடிக்கை. டிவிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, படம் முழுவதும் அதிலேயே சேரும்படி செய்துவிடுவான். “எவன் சர்வருக்கும் போவாதுக்கா. சர்வரே ஒங்க வூட்லதான் இருக்கு. மாசா மாசம் பைசா கட்ட வேணாம்” என்பது அவன் வியாபாரப் பேச்சு.

ஒரே ஒரு சிக்கல்தான் உண்டு. கரண்ட் போய் வந்தால் இணைய இணைப்பின் முகவரி மாறிவிடும். கடலூரிலிருந்து கயல்விழி அந்தப் பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஓர் இலவச சேவை இருந்தது. வீட்டுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். முகவரி மாறும்போதெல்லாம் பெட்டியே அந்த சேவைக்குத் தகவல் சொல்லிவிடும். நாம் பெயரைத் தட்டினால் போதும், வீடு திறந்துகொள்ளும். கயல்விழி வைத்த பெயர் ‘விருத்தாம்மா’.

அம்மா இறந்த பிறகும் அவள் அந்தப் பெயரை விடவில்லை. வீட்டைப் பூட்டினாள், கரண்டை நிறுத்தவில்லை. திருட்டுப் பயம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு.

அம்மா இறந்தது ஜாபிரின் கல்யாணத்தன்று. பத்திரிகை வந்ததிலிருந்தே, “பிரியாணி போடுவான், எனக்குத் தனியா சைவம் வெக்கச் சொல்லியிருக்கேன்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் கயல்விழி படத்தைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்து, போன்கூடப் பண்ணவில்லை. மறுநாள் காலை பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பட்டுப்புடவையோடு, அதே நாற்காலியில், அம்மா உட்கார்ந்தபடியே போயிருந்தாள். உயிர் பிரிந்தது முந்தின நாள் காலையிலேயே என்றார் டாக்டர்.

காலையிலேயே என்றால், மத்தியானம் நாற்காலி எப்படிக் காலியாக இருந்தது?

யாரிடம் சொன்னாலும், நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்றார்கள். அதனால்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அது காலியாகவே இருந்தது.

ஜாபிர் உடனே போனை எடுத்தான்.

“சாவி ஒங்கக்கிட்டதானக்கா இருக்கு?”

“எங்கிட்டதான். வேற சாவி கெடையாது.”

“எங்கயாச்சும் கனெக்‌ஷன் கோளாறா இருக்கும். நேத்துதான் இங்க மாசாந்திர ஷட்டவுன். நாள் முழுக்கக் கரண்டு இல்ல. நீங்க வாங்க, நான் வூட்டு வாசல்ல நிக்கிறேன்.”

தலைவலி என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள். ஆலப்பாக்கத்தில் ஒருமுறை படத்தைத் திறந்தாள். புதுச்சத்திரத்தில் ஒருமுறை. அந்த உருவம் அசையவே இல்லை. வலது கை மட்டும் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் அந்தக் கை மடியில் இருந்ததா, தொங்கியதா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “ஒங்க அம்மாவா? தூங்குறாங்க போலிருக்கு” என்றாள். கயல்விழி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜாபிர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் முனையிலேயே பைக்கோடு காத்திருந்தான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். அம்மா வீட்டு கேட்டின் தாழ்ப்பாளில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. பூட்டின் மேல் தூசி.

“யாரும் தொட்டதுகூட இல்லக்கா,” என்றான் ஜாபிர். பிறகு ஏதோ தோன்றியவன்போல, “மொதல்ல நான் போறேன்” என்றான்.

கதவு திறந்தது. மூடிக் கிடந்த வீட்டின் புழுக்கம் முகத்தில் அடித்தது. ஹாலில் யாரும் இல்லை. நாற்காலி காலி. அதன்மேல் விரலால் கோடு போடலாம் என்கிற அளவுக்குத் தூசி. காமிராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கயல்விழி மூச்சு விட்டாள். போனைத் திறந்தாள்.

போனில் அந்த உருவம் உட்கார்ந்திருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலி நாற்காலி. குனிந்து பார்த்தாள். முக்காடிட்ட தலை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அதன் முதுகில் கை வைத்தாள். போனில் கயல்விழி இல்லை. நாற்காலி முதுகில் கையும் இல்லை. ஜாபிர் காமிராவுக்கு நேர் கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டினான். போனில் எதுவும் ஆடவில்லை.

“நாம ரெண்டு பேரும் இதுல இல்ல ஜாபிர்,” என்றாள். “அவங்க மட்டும் இருக்காங்க.”

ஜாபிர் வாய்க்குள் ஏதோ ஓதினான்.

படத்துக்கு அடியில் மைக் பட்டன் ஒன்று உண்டு. அழுத்திப் பேசினால் காமிராவின் ஸ்பீக்கரில் கேட்கும். அம்மா இருந்தபோது, “மாத்திரை போட்டியா?” என்று கேட்பதற்கு அதைத்தான் பயன்படுத்துவாள். கயல்விழியின் விரல் தானாகவே அங்கே போயிற்று.

“அம்மா,” என்றாள்.

தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. ஆனால் போனில் அந்தத் தலை அசைந்தது. கூப்பிட்ட குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தேடுவதைப் போல, மெல்ல, மேலே நிமிர்ந்தது. முந்தானை கொஞ்சம் நழுவியது. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

போன் கையிலிருந்து நழுவ இருந்தது. ஜாபிர் பிடித்துக்கொண்டான். தொழில்காரன் அல்லவா, படத்தின் மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினான். ஜன்னல். டிவி. டிவிக்கு மேலே சுவரில் சதுரமாக ஏதோ ஒன்று.

நிமிர்ந்து இந்த வீட்டுச் சுவரைப் பார்த்தான். அங்கே வெறும் ஆணிதான் இருந்தது.

“அக்கா,” என்றான். “இது பாங்கு சொல்ற கடியாரம். தொழுகை நேரம் வந்தா கத்தும். ஒங்க வூட்ல ஏது இது?”

“அப்ப?”

“இது ஒங்க வூடே இல்லக்கா.”

ஒரே மாதிரி வீடுகள். எல்லா வீட்டிலும் சமையலறை வளைவுக்கு மேலேயே அவன் காமிரா மாட்டியிருந்தான். வேலை சுலபம் என்பதால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு. எல்லாப் பெயர்களும் அவனுடைய ஒரே இலவசக் கணக்கில். மாதம் ஒருமுறை அந்த சேவையிலிருந்து மெயில் வரும். இன்னும் பயன்படுத்துகிறீர்களா, ஆமாம் என்றால் இங்கே அழுத்தவும். அழுத்தாமல் விட்டால் பெயர் பழைய முகவரியோடு அப்படியே உறைந்துவிடும். பெட்டி புது முகவரியைச் சொன்னாலும் ஏற்காது.

“புது போன் மாத்துனேன்க்கா. அந்த மெயில இதுல இன்னும் போடல. நேத்து கரண்டு வந்ததும் எல்லா வூட்டு முகவரியும் மாறியிருக்கு. ஒங்களோட பழைய முகவரி இவங்களுக்குப் போயிருக்கு. பாஸ்வேர்டு ஒண்ணுதானே, கதவு தொறந்துருச்சி.”

“இவங்க யாரு?”

அவன் முகம் மாறியது. “இந்தக் குடியிருப்புல பாங்கு கடியாரம் உள்ள வூடு ஒண்ணுதான். அஜீசுன்னிசா மாமி. மூணாவது குறுக்குத் தெரு. மவன் நவ்ஷாத் ஷார்ஜாவுல இருக்கான். தனியாதான் இருக்காங்க. சுகர் ஜாஸ்தி.”

மத்தியானத்திலிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைப் பூட்டாமலே ஓடினார்கள்.

பைக்கில் போகும்போது கயல்விழி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அந்த மெயில விட்டிருக்கியா?”

ஜாபிர் பைக்கை இன்னும் முறுக்கினான். காற்றில் கேட்கவில்லை என்று நினைத்தாள். ஆனால் அவன் முதுகு விறைத்ததை அவள் பார்த்தாள்.

மூன்றாவது குறுக்குத் தெரு வீட்டில் முன்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார்கள். சத்தமில்லை. ஜாபிர் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, துணி துவைக்கும் பக்கமாகப் போய், கம்பி போட்டுக் கட்டியிருந்த பின்கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே ஓடி வந்து முன்கதவைத் திறந்துவிட்டான்.

அம்மாவின் ஹால்தான். அதே ஜன்னல், அதே வளைவு, அதே ஒயர் நாற்காலி. அதில் தலை சாய்ந்து கிடந்தாள் அஜீசுன்னிசா. கயல்விழி கழுத்தில் கை வைத்தாள். ஜில்லென்று வியர்வை. அதற்கடியில் துடிப்பு, மெல்லியதாக.

“இருக்காங்க,” என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோல இருந்தது. “சக்கரை கலக்கிக் கொண்டா. சீக்கிரம்.”

ஜாபிர் டம்ளரோடு வந்தான். ஸ்கேன் சென்டரில், வெறும் வயிற்றோடு வந்து மயங்குகிறவர்களை அவள் எத்தனையோ பார்த்தவள். முதலில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு ஈறில் தடவினாள். உதடு அசைந்தது. கண் திறந்து, விழுங்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஜாபிர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினான்.

அப்போதுதான் கயல்விழி அந்த மடியைப் பார்த்தாள். மடியில் ஒரு டேப்லெட் இருந்தது. அதன் திரையில் ஒரு ஹால். காலி நாற்காலி. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சற்று முன் அவர்கள் பூட்டாமல் ஓடிவந்த கதவு.

அஜீசுன்னிசா அவளை வெறித்துப் பார்த்தாள். நாக்கு குழறியது.

“நீதானே... அதுல வந்து நின்ன? நாற்காலி மேல கை வெச்சியே?”

“ஆமாம்மா. நான்தான்.”

“நான் மவுத்தாயிட்டேன்ல?”

“இல்லம்மா. உயிரோடதான் இருக்கீங்க. சாப்புட்டீங்களா காலைல?”

“மாத்தர போட்டேன். சாப்புடல. எதுக்குச் சாப்புடணும்?” டேப்லெட்டைத் தொட்டாள். “வாசக்கதவுல யாரு வர்றா, எவன் உள்ள நுழையிறான்னு பாக்குறதுக்கு நவ்ஷாத் வாங்கிக் குடுத்தான். காலைல தொறந்தேன். என் ஹாலு. என் நாற்காலி. நான் ஒக்காந்துருக்கேன், ஆனா அதுல நாற்காலி காலியா இருந்துச்சி. கைய ஆட்டுனேன், ஒண்ணும் ஆடல. சரி, முடிஞ்சிபோச்சி, ரூஹு போயிருச்சின்னு நெனச்சேன். போனப்பறம் எந்திரிச்சி என்ன பண்றது? ஒக்காந்துட்டேன். அப்பறம் மேலேருந்து ஒரு கொரலு, அம்மான்னு கூப்புட்டுச்சி.”

ஜாபிர் சுவரோரமாக நின்றிருந்தான். “மாமி, யாரையாச்சும் கூப்புடக் கூடாதா? நவ்ஷாத்துக்கு ஒரு போன் போடக் கூடாதா?”

“போட்டா என்ன சொல்வான்? உம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சும்பான். போன தடவையே நான் யாருகிட்டயும் சொல்லல.”

கயல்விழியின் கையில் ஸ்பூன் நின்றது.

“போன தடவையா?”

“ஒன் கல்யாணத்தன்னிக்கிதான்டா,” என்று அஜீசுன்னிசா ஜாபிரைப் பார்த்தாள். “சாப்புட்டு வந்து செருப்பக் கழட்டிட்டு இதுல ஒக்காந்தேன். இதத் தொறந்தேன். அதுல நான் ஒக்காந்திருந்தேன். முதுகுதானே தெரியும். தலையில முக்காடு. நான்தான்னு நெனச்சேன். ஆனா ஜரிக மின்னுச்சி. எனக்கு ஏது பட்டு, நான் கட்டியிருந்தது கைத்தறி. கையத் தூக்கிப் பாத்தேன். அதுல இருந்தவ தூக்கல.”

சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு எண் ஒன்று மாறியது.

“அசையவே இல்ல அவ. அல்லா நமக்கு முன்கூட்டிக் காட்டுறான்னு நெனச்சேன், என் மவுத்த நானே பாக்குறேன்னு. பயந்து மூடி வெக்கலாம்னு பாத்தேன். மனசு வரல. அப்படித் தனியா ஒக்காந்துருக்காளேன்னு இருந்துச்சி. மடியிலயே வெச்சிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும், மவுத்தானவங்களுக்கு ஓதுற யாசீன ஓதுனேன். எனக்கே எனக்குன்னு.”

கயல்விழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் பார்த்த காலி நாற்காலி இதுதான். கல்யாணத்துக்குப் போனவள் அம்மா இல்லை, இந்தப் பெண்மணி.

“அவ யாரும்மா?” என்றாள் அஜீசுன்னிசா.

“எங்க அம்மா.”

அஜீசுன்னிசா அவள் தலைமேல் கையை வைத்தாள்.

“அன்னிக்கும் முந்தின நாள் ஷட்டவுன்,” என்றான் ஜாபிர், யாரையும் பார்க்காமல். “கல்யாண வேலையில மெயில பாக்கல. அடுத்த வாரம் உக்காந்து எல்லாத்தையும் அழுத்திவிட்டேன். சரியாயிருச்சி. நடுவுல என்ன ஆச்சின்னு எனக்குத் தெரியாதுக்கா.” போனின் திரையைச் சட்டையில் துடைத்தான். “முகவரி மாறுறது புரியுது. எங்கயாச்சும் ஒரு வூட்டுக்குப் போவும். ஆனா ரெண்டு தடவையும் ஒங்களுது இங்கயும், இவங்களுது அங்கயுமே எப்படிப் போச்சின்னு மட்டும் எனக்குப் புரியல.”

கயல்விழி அவனைத் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள், “இப்ப அழுத்து” என்று மட்டும் சொன்னாள்.

அவன் தன் போனில் பழைய மெயிலின் பாஸ்வேர்டைத் தேடி, இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாவது முறை உள்ளே போனான். வரிசையாக வந்து கிடந்த மெயில்களில் ஒன்றைத் திறந்து அழுத்தினான். இன்னொன்றை அழுத்தினான். வெளியே தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

டேப்லெட்டில் காலி ஹால் மறைந்து, திரை கறுத்து, மறுபடி வெளிச்சம் வந்தது.

ஒரு ஹால். நாற்காலியில் ஒரு முக்காட்டுத் தலை. கீழே தரையில் ஒரு பெண். சுவரோரம் போனும் கையுமாக ஒருவன்.

“இது நான்தானா?” என்றாள் அஜீசுன்னிசா.

“நீங்கதான் மாமி. இப்ப சரியா இருக்கு.”

அவள் நம்பவில்லை. மெதுவாக வலது கையைத் தூக்கினாள்.

திரையில் இருந்தவள் தூக்கவில்லை.

இணையத்தில் படம் வந்து சேர ஒரு நொடி, இரண்டு நொடி தாமதமாகும் என்பது ஜாபிருக்குத் தெரியும். கயல்விழிக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டு நொடி நகர மறுத்தது.

பிறகு திரையில் அந்தக் கை மெல்ல உயர்ந்தது.

அஜீசுன்னிசா கையை இறக்காமல், “பசிக்குதுடா” என்றாள்.